துண்டு போட்ட நாற்காலி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் இருதயமேரியைத் தெரியாத கண்டக்டர் இருந்தால் அவர் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். மல்லாட்டை விற்பதை விட அவள் பெயர் வாங்கியது இடம் பிடிப்பதில்தான். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை வீசிவிடுவாள். மகள் அமலா விழுப்புரத்தில் நர்ஸிங் படித்த மூன்று வருஷமும் காலை பஸ்ஸில் ஒரு நாள்கூட நின்றுகொண்டு போனதில்லை. துண்டு கிடக்கிற சீட்டில் மந்திரியே வந்தாலும் உட்காரக் கூடாது என்பது இருதயமேரியின் சட்டம். அதை அவளும் மீறியதில்லை.

அந்த அமலா இப்போது அயர்லாந்தில், கால்வே என்ற ஊரில் நர்ஸ். நிறைமாத கர்ப்பிணி. புருஷன் அன்புச்செல்வனுக்குக் கப்பலில் சமையல் வேலை; கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் நான்தான் தைரியம் சொல்றேன். எனக்குன்னு வர்றப்ப பயமா இருக்குதும்மா. உள்ள தூக்கிக்கினு போறப்ப நீ வாசல்ல நின்னா போதும்" என்று போனில் அழுதாள்.

"அழுவாத கண்ணு. நான் வந்து நிப்பேன்" என்று வாக்குக் கொடுத்தாள் இருதயமேரி.

அதுவரை பக்கத்து ஊரான வல்லத்தைத் தாண்டி மேற்கே போகாதவள்! விழுப்புரத்திலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலில் ஏறினாள். தாம்பரத்தில் லோக்கல் ரயில் மாறினாள். விமான நிலைய வாசலில் தம்பி ராயப்பன் பத்திரம் பத்திரம் என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினான். முதல் விமானம் ஓர் அரபு நாட்டில் இறக்கிவிட்டது. அங்கே இன்னொன்று பிடித்தால் டப்ளின். அப்புறம் மூன்று மணி நேரம் கோச் பஸ். புதன் சாயங்காலமே மகளிடம் போய்விடலாம்.

மாறுகிற இடத்தில் ஒரே கூட்டம். விமானம் ஏறும் வாயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விடுவாளா? துண்டை விரித்தாள். பாஸ்போர்ட், டிக்கெட், பிரசவ லேகியம், மல்லாட்டை உருண்டை எல்லாம் இருந்த பையை அதன்மேல் வைத்தாள். துண்டு காவல் இருக்கும்போது என்ன பயம் என்று பாத்ரூமுக்குப் போனாள்.

திரும்பி வந்தால் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் நின்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்கள்.

"அது என் எடம்ங்க! துண்டு போட்டுட்டுத்தான போனேன்!" என்று அவள் தமிழில் போட்ட சத்தத்துக்கு, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். வல்லத்துக்காரன், வேங்கடேசன் என்று பெயர்.

"யம்மா, இன்னா வேலை பண்ணி வச்சிருக்க? இங்க பையை உட்டுட்டுப் போனா வெடிகுண்டுன்னு நினைப்பாங்க!"

"அடப்பாவி! மல்லாட்டை உருண்டைதான்யா இருக்குது!"

வேங்கடேசன் அவளோடு நாயாக ஓடினான். கெஞ்சினான், கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். பை கிடைத்தது. ஆனால் அதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. அடுத்ததில் போனால் டப்ளினில் வியாழக்கிழமை விடிந்துதான் இறங்க முடியும்; பத்து மணிக்குள் கால்வே போய்ச் சேர முடியாது.

இருதயமேரி தரையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். வேங்கடேசன் தன் போனில் அமலாவைப் பிடித்துக் கொடுத்தான். இவள் நடந்ததைச் சொன்னாள். மகள், "சரிம்மா. பதறாம வா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட இருதயமேரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டப்ளினில் ஏறிய கோச் பஸ்ஸில் பாதி சீட்டுகள் காலி. இருந்தும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. டிரைவருக்கு மேலே இருந்த கடிகாரம் பத்து காட்டியபோது செபமாலையை இறுக்கிப் பிடித்தாள். வழியெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்ததாம், ஆடு மேய்ந்ததாம். அவள் எதைக் கண்டாள்!

கோச் நிற்கும் இடத்துக்கு அமலாவோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மணி பன்னிரண்டு. எல்லாம் முடிந்து, அமலா படுத்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடித் தொட்டிலில் பெண் குழந்தை.

"கண்ணு, மன்னிச்சுடு. வாக்குக் குடுத்துட்டு வராம பூட்டேன்" என்று கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதாள்.

"வந்துட்ட இல்ல? உக்காரும்மா முதல்ல."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. இருதயமேரி அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"யாரோ துண்டு போட்டு வச்சிருக்காங்க கண்ணு. நான் இப்படியே நிக்கிறேன்."

அமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலிக்க வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான்தாம்மா போட்டேன். காலையில உள்ள போறதுக்கு முன்னாடி. இதுவரைக்கும் யாரையும் உக்கார உடல."

இருதயமேரி துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.