மருமகள் வந்த டைமிங்

போன வாரம் மகனின் கார் நிற்கிற இடத்திலெல்லாம் உடம்பை உதறிக்கொண்டு நின்றது. திண்டிவனம் ரோட்டில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். மகன் ஓட்டினான், பக்கத்தில் என் வீட்டுக்காரர், பின்னால் நான். அங்கே மெக்கானிக் ஸ்டியரிங்குக்கு அடியில் எதையோ செருகிவிட்டுக் கையிலிருந்த போனைப் பார்த்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. "டைமிங் பாக்க வேணாமாப்பா?" என்று கேட்டேன். முதலில் என்னை "ஆயா" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து "அம்மா" ஆக்கிக்கொண்டார். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்மா. இஞ்சின்லயே காது மாதிரி ஒரு சென்சார் இருக்குது. தட்டுற சத்தம் வந்தா அதுவே கேட்டு டைமிங்க கொறைச்சிக்கும். இது வெறும் இக்னிஷன் காயில் கம்ப்ளைண்ட், புதுசு போட்டா சரியாயிடும்."

இஞ்சினுக்கே காது இருக்கிறதாம். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று மகனுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

வல்லத்திலிருந்து நான் செஞ்சிக்கு மருமகளாக வந்தபோது இவரிடம் ஒரு பழைய வாடகைக் கார் இருந்தது. கல்குவாரியில் கம்ப்ரசர் மிஷின் பிடித்துப் பாறையில் துளை போட்டு, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் ஏறுவார்கள், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள் ஏறுவார்கள். அதனால் அதற்குள் எப்போதும் பெட்ரோலும் எலுமிச்சம்பழமும் கலந்த வாசனை. இன்றைக்கும் எலுமிச்சை நறுக்கினால் எனக்குப் பெட்ரோல் நாறும். என் கையால் ஊறுகாய் எதிர்பார்த்து யாரும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம்.

நான் வந்த கையோடு கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் கிளம்ப அடம் பிடிக்கும். கிளம்பினால் உதறும். மேடு ஏறினால் கொதிக்கும். பாஷா பாய் என்கிற மெக்கானிக் வாசலுக்கே வந்து பார்த்தார். இன்னா பாய் என்று என் அத்தை, இவருடைய அம்மா, கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லம்மா, வண்டி நல்லாத்தான் இருக்குது. டைமிங்தான் சரியில்ல" என்றார்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டைம் என்றால் நேரம் என்பது பஸ் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். "பாத்தியா, பாய்க்கே தெரியுது. நேரம் சரியில்லியாம்" என்று எதிர்வீட்டுக்குச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. யார் வந்த நேரம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் நான் ஒருத்திதானே.

பாயிடம் போய்க் கேட்டேன். இஞ்சினுக்குள் பொறி விழுகிற நேரம்தான் டைமிங் என்றார். முந்தி விழுந்தால் தட்டும், பிந்தி விழுந்தால் இழுவை இருக்காது. பக்கத்தில் மூடி போட்ட ஒரு சாமான் இருக்கும், அதைத் தளர்த்தி இம்மியளவு திருப்பிக் காதால் கேட்டு வைக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் பின்னால் திருப்பிவிட வேண்டும். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? "அத்த, அது இஞ்சினோட நேரம், என்னோடது இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "வாய் வேற" என்றார்.

பாய் சரிசெய்துவிட்டுப் போவார். இரண்டொரு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ஒருநாள் பாய்க்கே கோபம் வந்துவிட்டது. "நான் வச்ச டைமிங்க எவனோ திருப்பி வைக்கிறான்!" அத்தைக்கு 'எவனோ வைக்கிறான்' மட்டும்தான் காதில் விழுந்தது. செய்வினையேதான். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனிடம் போயே ஆகவேண்டும், அந்தக் காரிலேயே.

எவனோ இல்லை, இவர்தான். காலையில் பானெட்டுக்குள் தலையை விட்டுத் திருப்புவதை நானே பார்த்திருக்கிறேன். "பாய் வச்சது டல்லடிக்குது" என்பார். தட்டுகிற சத்தம் தன் காதுக்குக் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொண்டே போவார். அதற்கு ஏன் அவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வேறு கவலை. புதுப்பெண், வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சம். இவர் பின்னால் நின்று கை நிறையக் கிடந்த கல்யாண வளையலைக் குலுக்குவேன். திரும்பவே மாட்டார். அத்தை போட்ட தூபத்தில் புருஷனுக்கும் நான் கசந்துவிட்டேன் என்று துணி துவைக்கிற சாக்கில் அழுதிருக்கிறேன்.

அமாவாசையன்று கிளம்பினோம். பின்சீட்டில் அத்தையும் நானும், அத்தை மடியில் எலுமிச்சம்பழம். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏறியது.

"கைய ஆட்டாதடி. வளையல் சத்தம் காதப் பொளக்குது" என்றார் அத்தை.

இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. அத்தை என் கையைப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, "டேய், இன்னாடா சத்தம் அது?" என்றார். அத்தைக்குக் கட்டைக் குரல், அது மட்டும் இவருக்கு எப்போதும் கேட்கும்.

"இன்னா சத்தம்? ஒண்ணும் கேக்கலியே. வண்டி இன்னிக்கு ஜோரா போவுது" என்றார் இவர்.

அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கினார். இவர் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வளையலைக் குலுக்கினார். மறுபடியும் குலுக்கினார். இவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். குவாரியில் பாறையோடு சேர்த்துக் காதையும் துளைத்துக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

கோயில் கூட்டத்தில் இறங்கி நின்றபோதும் அத்தை என் கையை விடவில்லை. "வெளிய சொல்லிடாத பொண்ணே. செவிட்டு டிரைவர்னு தெரிஞ்சா எவன் வண்டியில ஏறுவான்? நேரம் சரியில்லன்னே இருந்துட்டுப் போவட்டும்."

யாருடைய நேரம்? என்னுடையதுதான். புருஷனுக்கு நான் கசந்துபோகவில்லை என்று ஒரு பக்கம் சந்தோஷம். அதை வாய் திறந்து சொல்ல வழியில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கும்பலோடு கும்பலாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகும் "இவ வந்த நேரம்" என்று தெருவில் சொல்வதை அத்தை நிறுத்தவில்லை. முன்னைவிட உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே வந்து எனக்குத்தான் முதலில் சோறு போடுவார். அதைத் தின்னவும் முடியாது, வேண்டாம் என்னவும் முடியாது. இவர் சவாரி கிளம்பினால் திரும்பி வருகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் இவர் காரை விடவேண்டும். சொல்லாவிட்டால் கார் இவரை விட்டுவிடும். கார்தான் முந்திக்கொண்டது. அடுத்த கோடையில் அந்தத் தட்டலிலேயே பிஸ்டன் ஓட்டையாகி நின்று, பழைய இரும்புக்குப் போனது. இவர் மல்லாட்டை மண்டிக்குக் கடலை மூட்டை தூக்கப் போனார். மூட்டை தூக்கக் காது எதற்கு? மருமகள் வந்தாள், கார் போச்சு என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

இப்போது அத்தை இல்லை, பாய் இல்லை. அப்படிப் பேசிய தெருவும் இல்லை, எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். நானும் கண்ணாடி வளையல் போடுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் மகன் புதுக் காயிலுக்குச் சொல்லப் போயிருந்தான். முன்சீட்டிலிருந்த இவர் காது மிஷினைத் தடவிக்கொண்டே பின்னால் திரும்பினார். "இன்னாவாம்?"

"டைமிங் எல்லாம் சரியாத்தான் இருக்குதாம்" என்றேன்.

திறக்காத பானெட்டைக் கையால் காட்டினார். "அன்னிக்கும் உன் நேரம் நல்லாத்தான் இருந்துது. என் காதுதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

எப்போதிருந்து தெரியும் மனுஷனுக்கு? கோபம் கோபமாக வந்தது. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருந்தால் கேட்பதற்குத் தெரு முழுக்க ஆள் இருந்தது. இப்போது கேட்க நான் ஒருத்திதான் இருந்தேன்.