செல்வியின் 'அம்மா'

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு நான்தான் குரல் பயிற்சி தருகிறேன். 'ஆ'வுக்கு வாய் திறக்கணும், 'ம்'முக்கு மூக்கு திறக்கணும். மூக்கைப் பொத்தினால் 'ம்', 'ப்' ஆகிவிடும். இதுதான் என் முதல் பாடம். செல்விக்கு மட்டும் 'அம்மா' எப்போதும் 'அப்பா' என்றே வந்தது. "விளையாடுதியா?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன்.

"பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து சலிக்கேன் டீச்சர். மூக்கு அடைச்சே கெடக்கு. டாக்டரு வேலைய விடச் சொல்றாக. விட்டா சோத்துக்கு எங்கன போக?"

"அப்ப பாட்ட விட்டுரு" என்று அனுப்பிவிட்டேன்.

போன மாதம் அவள் தாய் இறந்தாள். சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கதறினாள். "அப்பனையா கூப்பிடுதா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். அது 'அம்மா' என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாளே செல்வி மருந்து சலிக்கப் போய்விட்டாள். நானும் 'ம்' சொல்லிக்கொடுக்கப் போனேன்.