இரண்டு நிறத்தில் ஒரு முகம்

மகளுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். "அம்மா முகத்த வரஞ்சு தாங்கப்பா. பையில வைக்கிற அளவுக்குச் சின்னதா" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துவது என் வேலை. படம் வரைவதை செல்போனில் பார்த்துத்தான் கற்றேன். நிறைய நிறம் வைத்துக்கொண்டால் கை தடுமாறிப் படம் சேறாகிவிடும். அதனால் பழுப்பு, நீலம், வெள்ளை மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். பழுப்பும் நீலமும் சேர்ந்தால் ஒரு சாம்பல் வரும். அந்தச் சாம்பலில் முகத்தை முழுக்க வரைந்து காயவிட வேண்டும். பிறகு எண்ணெயில் கரைத்த பழுப்பை, அடியில் இருப்பது தெரியும்படி மெல்லிசாக மேலே பூச வேண்டும். அப்போதுதான் தோலுக்கு உயிர் வரும்.

உள்ளங்கை அளவுப் பலகையில் சாம்பல் முகம் நன்றாகவே வந்தது, காய்ந்தும்விட்டது. மேல்பூச்சுதான் காயவில்லை. வெளியே விடாத மழை, வீட்டுக்குள் மஞ்சு மூட்டம். மணிக்கொரு தரம் விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டும். தொட்ட இடத்தைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் எண்ணெய் பூசுவேன்.

"என் மூஞ்சிய இத்தனை வருசத்துல இவ்வளவு நேரம் பாத்திருப்பீயளா?" என்றாள் மனைவி.

மகள் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. பச்சைக் காயையே காயவைக்கும் சூட்டறை கையில் இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், காய்த் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். கூட வேலை பார்ப்பவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மதினிய வறுக்கப் போறீயளா?"

சாயங்காலம் எடுத்தபோது பூச்சின் மேல்பக்கம் மட்டும் காய்ந்து, பாலாடை போலச் சுருங்கியிருந்தது. வாயைச் சுற்றி முழுக்க மடிப்பு. தாடையில் ஏலக்காய்த் தூசி.

மனைவி விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். "இது நானில்ல, எங்கம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாகத் தொடங்க நாளில்லை. கத்தி முனையால் சுருக்கத்தைச் சுரண்டினேன். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தேன். மேல்பூச்சு முழுவதும் கழன்று வந்துவிட்டது. அடியில் காய்ந்திருந்த சாம்பல் முகமும், தூரிகைத் தடங்களின் பள்ளத்தில் தங்கிய கொஞ்சம் பழுப்பும்தான் மிச்சம். கண்ணுக்குக் கீழே அந்தப் பழுப்பு கூடுதலாக நின்றது.

மறுநாள் அதன்மேல் மறுபடி பூசுவதற்காக எண்ணெயைக் கலந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மகள் பலகையை எடுத்துக்கொண்டாள்.

"தாயி, அது இன்னும் முடியல."

"தேயிலைக் கொழுந்தெடுத்துட்டு வந்து, கால் கழுவாம உக்காந்திருக்கிற அம்மா. இப்படியேதான் இருப்பா. இதுல இனி கை வைக்காதீங்கப்பா."

ஜீப்பில் ஏறும்வரை பலகையை அவள் என் கையில் கொடுக்கவே இல்லை.

இப்போது ஞாயிறு தோறும் வீடியோவில் பேசுகிறாள். அவள் தலைக்குப் பின்னால், ஜன்னலோரம் அந்தப் படம் நிற்கிறது.

"அப்பா, என்னையப் பாருங்க. எங்க பாக்குறீய?"

"படத்தக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வையி" என்கிறேன். இடது கன்னத்துக்கு இன்னும் ஒரு பூச்சு வேண்டும்.