பக்கிரி தபாலில் போட்ட பத்திரிகை

கடலூரில் தபால் பிரிக்கும் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் பக்கிரி. இங்கிலீஷ் அவருக்குச் சுமார்தான். ஆனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் சொந்த நிலம் மாதிரி உரிமை கொண்டாடுவார். 'மிஸ்செண்ட்'. விலாசம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிரிக்கிறவன் கை தவறி வேறு ஊர்ப் பையில் போட்டுவிடுவான். அப்படி ஊர் மாறிப்போன தபாலின் மேல் குத்துகிற முத்திரையில் இருக்கிற சொல் அது. விலாசமே தப்பென்றால் இந்தச் சொல் செல்லாது. "எழுதினவன் மேல பழி இல்ல, வழியில நாங்கதான் கெடுத்தோம்னு நாங்களே ஒத்துக்கிறது சார்" என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

ஆபீஸில் அந்தச் சொல் தபாலோடு நிற்கவில்லை. ஒருவருக்குச் சொன்ன டீ இன்னொருவர் மேஜைக்குப் போனால், "டீ மிஸ்செண்ட்டுப்பா" என்பார் கூட வேலை பார்த்த சிங்காரம். சிதம்பரம் போகவேண்டியவர் தூக்கக் கலக்கத்தில் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிவிட்டால், அந்த வாரம் முழுக்க அவருக்கு அதுதான் பேர். பொங்கல் வந்தால் வாழ்த்து அட்டைகள் மலையாய்க் குவியும். பரங்கிப்பேட்டைக் கட்டைப் பிரித்தால், வெளிநாட்டில் சம்பாதிக்கிற அந்த ஊர்ப் பிள்ளைகள் போட்ட தபாலில் வெளிநாட்டு ஸ்டாம்பாக இருக்கும். திட்டிக்கொண்டே வேலை பார்ப்பார்கள், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அந்த ஆட்களைப் பற்றிப் பக்கிரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். பாதிப்பேர் இப்போது இல்லை.

இத்தனை தெரிந்த மனுஷன் தன் மகள் சுவேதாவின் கல்யாணத்தில்தான் கோட்டைவிட்டார். நெருங்கிய சொந்தத்துக்கு வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். தூரத்துச் சொந்தத்துக்குத்தான் தபால். ஊர் உலகத்துக்கே தெரிந்த வழக்கம் இது. பக்கிரியோ, குமராட்சியில் இருக்கும் சொந்தத் தங்கை பொன்னிக்கும் தபாலில் போட்டார். அலைச்சல் ஜாஸ்தி, முழங்கால் வலி. அதற்கும் மேலே, தபால்காரன் போட்ட தபால் போகாமல் இருக்குமா என்ற மிதப்பு. போனில், "கவர் போட்டிருக்கேன் பொன்னி, வந்துரும்" என்று சொன்னதோடு சரி.

சிதம்பரத்து மண்டபத்தில் முகூர்த்த நேரம் வந்தது, பொன்னி வரவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண்ணை அத்தைதான் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். வேறு யாரோ அழைத்து வந்தார்கள். தாலி கட்டும்போதும் பக்கிரியின் கண் வாசலில்தான் இருந்தது. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூடப்பிறந்தவள் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்றே அவர் நினைத்தார்.

கல்யாணம் முடிந்தபிறகு ஒருநாள் பொன்னியின் மகன் கதிரவன் கூப்பிட்டான்.

"மாமா, உங்க பத்திரிக இன்னிக்குத்தான் வந்துச்சி. மேல ஏதோ ஸ்டாம்பு குத்தியிருக்கு. ஊர் பேரு அழிஞ்சிட்டுது, மிஸ்செண்ட்டுன்னு மட்டும் தெரியுது."

பக்கிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, அன்றைக்கே பஸ் மாறி, மினி பஸ் பிடித்துக் குமராட்சியில் இறங்கிவிட்டார். பொன்னி வாசலில் காய்கிற நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். "வாண்ணே" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

பக்கிரி உட்காரக்கூட இல்லை. கவரை வாங்கி முத்திரையைத் தொட்டுக் காட்டி, சொல்லுக்கு அர்த்தம், எங்கே குத்துவார்கள், ஏன் குத்துவார்கள் என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். "பாரு, வெலாசம் சரியா இருக்கு. எம்மேல தப்பில்லன்னு கவர்மெண்ட்டே ஸ்டாம்பு குத்தி குடுத்துருக்கான்."

பொன்னி நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"சரிண்ணே. தபாலு வழி மாறிப் போச்சி, ஒத்துக்கறேன்" என்றாள். பக்கிரி அப்பாடா என்று உட்கார்ந்தார். அவள் நெல்லை விட்டு நகராமலே பேசினாள். "நீ வேலைக்கி சேந்த வருசம் தீவாளிக்கி கொள்ளிடத்துல வெள்ளம். பஸ்சு கெடயாது. எனக்கு எடுத்த பொடவய தலையில வச்சிக்கினு இடுப்பளவு தண்ணியில நடந்து வந்த. தபால்ல போட்டுருக்கலாமேடான்னு அம்மா கேட்டாங்க. தங்கச்சிக்கி குடுக்கறத கையிலதான் குடுக்கணும்னு சொன்ன. அப்பவும் நீ தபாலாபீசுலதாண்ணே வேல பாத்த."

பக்கிரிக்கு அந்தத் தண்ணீரின் சில்லிப்பும் அம்மாவின் குரலும் அப்படியே நினைவுக்கு வந்தன. கண் கலங்கியதை அவர் மறைக்கவும் இல்லை. கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு மாப்ளய கூட்டிக்கினு வரேன்மா. கெளம்பறப்ப போன் பண்றேன்."

"போன்லாம் பண்ணாத" என்றாள் பொன்னி. "நீ வா."