பிராக்கெட்டில் ரங்கூன்

பட்டத்துக்குப் பக்கத்தில் பிராக்கெட் போட்டு, படித்த ஊரை எழுதும் வழக்கத்தை எவன் கொண்டுவந்தானோ, அவன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ராயபுரத்தில் படகுக்கும் வீட்டுக்கும் பெயர் எழுதிப் பிழைக்கிறேன். யானைக்கவுனி வக்கீல் ஒருவருக்கு பி.ஏ. போட்டு, பிராக்கெட்டில் லண்டன் என்று எழுதியதும் நான்தான். பி.ஏ.வைவிட லண்டன் பெரிசாகத் தெரிய வேண்டும் என்றார். எழுதினேன்.

கலீலுல்லா பாய் ரங்கூனில் பி.ஏ. படித்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதில் மனைவி போனாள். மகள் ஜெரினாவைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்தார். பட்டத்தை மெழுகுத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தார். தண்டையார்பேட்டைக்குக் குடி வந்ததும் என்னைக் கூப்பிட்டு வாசலுக்குப் பலகை எழுதச் சொன்னார்.

“பிராக்கெட்டுல ரங்கூன்னு போடு மேஸ்திரி. அங்க பாஸ் பண்றது இன்னா லேசுன்னு நெனச்சியா?”

போட்டேன்.

வாத்தியார் வேலை கேட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். மானேஜர் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லண்டன்னா கேள்வியே இல்லை. ரங்கூன் படிப்பு நம்ம படிப்புக்கு ஈடுதானா?”

“அதே பாடம்தான் சார். லண்டன்ல படிச்ச வாத்தியாருங்கதான் அங்கயும் வந்து நடத்துனாங்க.”

“ஈடுன்னு சர்க்கார் உத்தரவு வாங்கிண்டு வாங்கோ. பார்க்கலாம்.”

மனுப் போட்டார். பதில் இல்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார்.

“இன்னா பி.ஏ., இந்த மூட்டை பாஸா பெயிலா?” என்பார்கள் கூலிக்காரர்கள்.

“ஓட்டை கீது. பெயிலு. தூக்கு” என்பார். சிரிக்கமாட்டார்.

கப்பலில் பெயின்ட் அடிக்கப் போகும் நாட்களில் பார்ப்பேன். வெள்ளைக்கார ஆபீசர்களை நிறுத்தி, உங்கள் ஊர் காலேஜ் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

“நார்வேக்காரன் ஊர்ல காலேஜுக்கு பீஸே இல்லியாம் மேஸ்திரி. ஸ்காட்லாந்துக்காரன் பட்டறையில கை கறுத்தாத்தான் இன்ஜினீராம்.”

“நம்ம ஊர்ல இன்னா பாய்?”

“எங்க படிச்சேன்னு கேப்பான். அத்தோட சரி.”

வருஷங்கள் போயின. சுதந்திரம் வந்தது. பர்மா வேறு தேசமாயிற்று. அந்த மனு எந்த ஆபீசில் கிடக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. துறைமுகத்துச் சணல் மூட்டைத் தூசியில் பாய்க்கு நெஞ்சு கெட்டது. ஜெரினா இங்கேயே காலேஜில் கடைசி வருஷத்துக்கு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று கேட்டேன்.

“அந்த உத்தரவு இன்னா ஆச்சு பாய்?”

“வுடு.”

கொஞ்சநேரம் இருமினார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார்.

“ஜெரினா பாஸ் பண்ணிடுவா. பண்ணதும் பலகைல என் பேரை அழிச்சிட்டு அவ பேரை எழுது. பி.ஏ. அப்படியே இருக்கட்டும். பிராக்கெட்டு மட்டும் வாணாம், மேஸ்திரி.”