இலஞ்சி வீட்டின் புது விலாசம்

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் விலாசம். வந்த புதிதில் இது தெரியாமல் பெயர் ஒட்டாமல் விட்டேன். வங்கிக் கடிதங்களெல்லாம் அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று திரும்பிப் போயின. நானோ மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அவற்றுக்காகக் காத்திருந்தேன். ஊரில் எங்கள் தபால்காரர் அப்பாவைத் தேடி டீக்கடைக்கே வந்து கொடுத்துவிடுவார்.

பதினோரு வருஷம் கழித்து இந்த விலாசப் பிரச்சினை வேறு உருவில் வந்து என்னைப் பிடித்தது. அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. அம்மா போன பிறகு தென்காசி பக்கம் இலஞ்சியில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறார். இந்த ஆடியில் ஒரு விடியற்காலை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தவர், பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். எனக்குச் செய்தி வந்தபோது அவருக்குக் கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். புரட்டாசியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துப் போனேன். ஒன்று, என்னோடு கிளம்ப வேண்டும்; இல்லையென்றால் கூடத்தில் கேமரா வைக்கச் சம்மதிக்க வேண்டும் என்றேன். கேமராவுக்குச் சம்மதித்தார். ஆனால் படம் எந்தக் கம்பெனி வழியாகவும் போகக்கூடாதாம்.

“எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்து பாக்கதுக்கு நான் என்ன லாக்கப்லயா கெடக்கேன்? பாக்கணும்னா நீ மட்டும் பாரு.”

அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் ஓடியது பழைய முறை இணைய விலாசம். அது உலகத்துக்கே போதாமல், ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவர் குறிப்பிட்ட ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஐபி வி சிக்ஸ் என்ற புது முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்த விலாசம் உண்டு. எங்களுக்கு ஃபைபர் லைன் கொடுத்திருக்கும் தென்காசி காதர் பாய், சவூதியின் தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து இந்தத் தொழிலைப் பிடித்தவர். வெளிநாட்டிலிருந்து வீட்டைப் பார்க்க என்றதும் மறுபேச்சு இல்லாமல் தன் பக்கத்தில் புது முறையைத் திறந்துவிட்டார். மோடத்தில் அதை இயக்கி, கேமராவுக்கு மட்டும், அதுவும் கடவுச்சொல் கேட்டு வழிவிடும்படி நான் அமைத்தேன். சோதித்துப் பார்க்கப் பழைய குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அருவிக்கு வந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று கைபேசியைத் திறந்தால், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் குளிக்கக்கூட மறந்து திரும்பிவிட்டேன்.

லைப்ஸிக் திரும்பிய இரண்டாம் நாளே படம் போனது. காதர் பாயிடம் கேட்டால் வீட்டுக்கு எண் மாறிவிட்டது என்று புது எண்ணைச் சொல்வார். அதைப் போட்டால் அப்பா தெரிவார். மறுநாள் மறுபடியும் இருட்டு. போனில் அப்பா நன்றாகத்தான் பேசினார். ஆனால் போனை எடுக்க முடியாமல் கிடக்கும் நேரத்துக்காகத்தானே இத்தனை பாடும்? இந்த வாரம் சரியாகவில்லையென்றால் உங்களுக்கு இங்கே வர டிக்கெட் போட்டுவிடுவேன் என்றேன். அப்பா போனை வைத்துவிட்டார்.

மாடிப்படியில் கைபேசியும் கையுமாக நின்ற என்னிடம் கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் வெபர் என்னவென்று விசாரித்தார். சொன்னேன். கேமரா இருப்பது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் தனியாகத்தான் இருக்கிறார் என்று பதில் சொன்னேன். எனக்கு அதுவே போதுமான பதிலாகப் பட்டது. ஃப்ராவ் வெபரின் முகம் இறுகிவிட்டது. மறுநாள் அப்பாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினீர்களா என்று மறுபடி விசாரித்தார். அப்பாவும் இவரும் சந்தித்தால் என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஒன்றாகிவிடுவார்கள்.

அந்த எரிச்சலைக் காதர் பாய்மேல் காட்டினேன். உங்கள் லைன் தினமும் அறுந்து என் உயிரை வாங்குகிறது என்று போனில் கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“லைன் அறுந்தா தெருவே போவும்மா. ஒங்க வீடு மட்டும்லா போயிட்டு வருது. ஏட்டையா சுவிச்சை அணைக்காவ. ஐப்பசி மழை தொடங்கியாச்சு. ஏன், நீங்க இருக்க ஊர்ல இடியே இடிக்காதோ?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மலைப்பக்கம் முதல் இடி கேட்டதும் ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்கிய பிள்ளைதான் நானும். வெளியே கிளம்பும்போது எல்லாச் சுவிட்சையும் அணைத்தாயிற்றா என்று அம்மா இரண்டு தடவை கேட்பாள். அப்பா இடிக்கும் அணைத்தார், கோவிலுக்குப் போகும்போதும் அணைத்தார். ஒவ்வொரு முறை மோடம் விழிக்கும்போதும் லைன் கம்பெனி ஒரு புது எண்ணைக் கொடுத்தது. இங்கே என் வீட்டு மோடத்தை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட நான் அணைத்ததில்லை. கருவிகளைப் பற்றி அத்தனையும் யோசித்த நான் இதை மட்டும் யோசிக்கவில்லை.

காதர் பாய் நேரில் போய், நான் போனில் சொல்லச் சொல்லச் சரிசெய்தார். இப்போது மோடம் விழித்ததும் தன் புது எண்ணை இணையத்தில் ஒரு பதிவேட்டில் எங்கள் வீட்டுப் பெயருக்கு எதிரே பதிந்துவிடும். என் கைபேசி பெயரைச் சொல்லி எண்ணைத் தெரிந்துகொள்ளும். அங்கே எண் மட்டும்தான் போகும், படம் போகாது என்று அப்பாவிடம் விளக்கினேன். டூட்டிக்கு வந்ததும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது மாதிரிதானே என்று கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். டிக்கெட் பேச்சு அத்தோடு முடிந்தது. அவருக்கு எவ்வளவு நிம்மதியோ, அவரை இந்தக் குளிரில் கொண்டுவந்து அடைக்காமல் தப்பித்ததில் எனக்கும் அவ்வளவு நிம்மதி.

போன ஞாயிறு மதியம், வழக்கம்போல் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் வெளிச்சம் மங்கியது. அப்பா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே கேமராவிடம் வந்தார்.

“ஏட்டி, மலையில இடிக்குது. அணைக்கேன். நீ சாப்புடு.”

திரை இருண்டது. முன்பு என்னைப் பதறவைத்த அதே இருட்டுதான். இப்போது அதைப் பார்த்தால், அப்பா எழுந்தார், நடந்தார், பிளக்கைப் பிடுங்கத் தெம்போடு இருக்கிறார் என்று மனம் ஆறுகிறது. சரிப்பா என்று இருண்ட திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கைகழுவினேன். நேரே பால்கனிக்குப் போய்க் காயப்போட்டிருந்த துணிகளை அவசர அவசரமாக அள்ளினேன். கடைசித் துணியை எடுக்கும்போதுதான் தலைநிமிர்ந்தேன். லைப்ஸிக் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கையிலிருந்த துணியெல்லாம் இன்னும் ஈரமாகவே இருந்தது.