மாதேஷின் பசியும் என் மசால் தோசையும்

1. ஆறு வாரக் கெடு

மைசூரில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அறிவுரை கேட்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள்.

ஒருநாள் காலை சர்ஜன் என்னை வார்டுக்குக் கூப்பிட்டார். கட்டிலில் மாதேஷ். தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர், மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை. க்ரோன்ஸ் நோய். குடலில் புண் வந்து வந்து ஆறியதில் ஓரிடத்தில் வழி குறுகிவிட்டது. அதை ஸ்ட்ரிக்சர் என்போம். சாப்பிட்டால் வலி. அந்தப் பயத்தில் அவர் சாப்பாட்டையே விட்டிருந்தார். தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு நின்றது.

"நோடி, பாருங்க மேடம்," என்றார் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் சர்ஜன். "ஆபரேஷன் பண்ணியே ஆகணும். ஆனா இந்த உடம்புல கத்தி வெச்சா தையல் சேராது. ஆறு வாரம் டைம். தேத்திக் கொடுங்க."

"ஆகட்டும் சார்" என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் ஆகட்டும் சொல்லிவிடுவேன்.

2. பந்தயம்

திட உணவு கிடையாது. முழுச் சத்துள்ள ஃபார்முலாவைக் கரைத்து நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். புரதம், கலோரி என்று நீளமாகப் பேசினேன். மாதேஷ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க மேடம், இதைய நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

அவர் மனைவி ரத்னா அவரைக் கையால் இடித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாளைக்கு முழுக்க நானும் இதைத்தான் குடிக்கப் போறேன். பந்தயமா?"

மறுநாள் முதல் கப்பை அவர் முன்னாலேயே குடித்தேன். இரண்டாவது கப்பில் நாக்கு கெஞ்சியது. மதியத்துக்கு முன்பே என் கால்கள் என்னைக் கேட்காமல் கேன்டீனுக்குப் போய்விட்டன. மசால் தோசை, கூடவே கெட்டிச் சட்னி.

வாயைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். மாதேஷ் மூக்கை உறிஞ்சினார்.

"தோசைங்களா மேடம்?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன்; வாசனை இன்னும் பலமாகத்தான் வந்திருக்கும்.

"ஆமாப்பா. தோத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பசிக்குதுங்க," என்றார். "பசிச்சு எத்தன மாசமாச்சுங்க. கொஞ்சம் கிட்ட நில்லுங்க. இந்த வாசத்துலயே குடிச்சுப்போடறேன்."

கப் காலியானது. என் படிப்பும் அனுபவமும் கடைசியில் தொட்டுக்கொள்ளத்தான் பயன்பட்டன.

ரத்னா அழுதுவிட்டார். "வலியில கிடக்கறவரு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு வீட்டுல தாளிக்கறதையே விட்டுட்டேனுங்க மேடம். பக்கத்து வீட்டுல ரெண்டு வாய் முழுங்கிட்டு வருவேன்."

மாதேஷுக்கு இது தெரியவே தெரியாது. மனைவி பக்கம் திரும்பினார். "இனிமே எம் முன்னாடியே சாப்பிடு புள்ள," என்றார்.

3. இரண்டு எடைகள்

அவர் வார்டில் இருந்தவரை, தோசை தின்றுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பது என் டியூட்டியாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் ரத்னா பொறுப்பேற்றார். அவர் சாம்பார் தாளித்துச் சாப்பிட, எதிரே உட்கார்ந்து மாதேஷ் கப்பைக் காலி செய்வார். கெடு முடிந்தபோது அவர் எடை ஏறியிருந்தது. என்னுடையதும்தான். சர்ஜன் அவரை மட்டும் பாராட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தையல் சேர்ந்தது. க்ரோன்ஸ் அதோடு போய்விடாது, மருந்து தொடர வேண்டும். ஆனாலும் அவருக்கு முதல் இட்லி கொடுத்த அன்று வேலை இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அங்கேயே நின்றேன். ரத்னா அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டு பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

ஆகவே பிள்ளைகளே, நோயாளியை எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால், கடைசியாக எப்போது பசித்தது என்று கேளுங்கள். பிறகு, வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். பலருக்கும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் கண் கலங்கும்.